கருப்பை இறக்கத்துடன் குனிவதும் தூக்குவதும்: அன்றாட வேலைகளுக்கான முழுமையான வழிகாட்டி

"கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது, இனிமேல் கனமாக எதையும் தூக்கக் கூடாது" என்ற ஒற்றை வரியோடு பல பெண்கள் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறார்கள். எது கனம், குனிந்து பெருக்கலாமா, தண்ணீர் பிடிக்கலாமா, பேரப்பிள்ளையைத் தூக்கலாமா என்றெல்லாம் கேட்க அங்கே நேரம் இருப்பதில்லை. கூச்சமும் கேட்க விடுவதில்லை. அதனால் சிலர் பயந்துபோய் நடமாட்டத்தையே குறைத்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள் வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் பழையபடியே தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டுமே உடம்புக்கு நல்லதில்லை. குனியாமல் ஒரு நாளும் கழியாது என்பதால், எப்படிக் குனிவது, எப்படித் தூக்குவது, எதைத் தூக்காமல் விடுவது என்பதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

இறங்குவது எது, ஏன்?

இடுப்பெலும்புக் கூட்டின் அடியில், முன்புறத்து எலும்பிலிருந்து பின்புறத்து வால் எலும்பு வரை பரவியிருக்கும் தசைகளை இடுப்புத்தளத் தசைகள் என்கிறோம். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றும் இந்தத் தசைகளின் தாங்கலிலும், தங்களைச் சுற்றியுள்ள தசைநார்களின் பிடியிலும் நிற்கின்றன. சுகப்பிரசவங்கள், குறிப்பாக நீண்ட நேரம் முக்க நேர்ந்ததும் ஆயுதம் வைத்துக் குழந்தையை எடுத்ததுமான பிரசவங்கள், மாதவிடாய் நின்றபின் திசுக்கள் மெலிவது, தீராத இருமல், நாள்பட்ட மலச்சிக்கல், உடல் பருமன், வருடக்கணக்கில் சுமந்த பாரம் ஆகியவற்றால் இந்தத் தாங்கல் தளர்கிறது. அப்போது பெண்ணுறுப்பின் முன்சுவரைத் தள்ளிக்கொண்டு சிறுநீர்ப்பையோ, பின்சுவரைத் தள்ளிக்கொண்டு மலக்குடலோ, நடுவில் கருப்பையோ கீழே இறங்கலாம். கருப்பையை எடுத்துவிட்டவர்களுக்கும் பெண்ணுறுப்பின் மேல்முனை இறங்கலாம். ஊரில் இவை எல்லாவற்றையும் சேர்த்தே அடியிறக்கம் என்று சொல்வார்கள். இறக்கம் பிறப்புறுப்பின் வாயிலுக்கு உள்ளே நிற்கிறதா, வாயிலை எட்டிவிட்டதா, வெளியே வந்துவிட்டதா என்பதைப் பொறுத்து மருத்துவர்கள் அதை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். உங்களுக்கு இறங்கியிருப்பது எது, எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பரிசோதனையில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கீழே உள்ளவற்றைத் தொடங்குங்கள்.

வயிற்றறைக்கு மேலே, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம், முன்னால் வயிற்றுத் தசைகள், பின்னால் முதுகுத் தசைகள், அடியில் இடுப்புத்தளம். மூச்சை உள்ளிழுத்துப் பிடித்துக்கொண்டு முக்கினால், உள்ளே எழும் அழுத்தம் எங்கே இடம் தளர்ந்திருக்கிறதோ அங்கே தள்ளும். நம்முடைய பாதிப் பேருக்குப் பழக்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குவதுதான். "தம் கட்டித் தூக்கு" என்று சொல்லியே வளர்ந்திருக்கிறோம். அடியிறக்கம் உள்ளவர்கள் முதலில் கைவிட வேண்டியது இந்தத் தம் கட்டுதலைத்தான்.

பயந்தவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெண்களின் வயிற்றறை அழுத்தத்தை நேரடியாக அளந்து 2006இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 9 கிலோ வரையிலான பொருளை மேடையிலிருந்து எடுப்பதோ, படியேறுவதோ, நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதைவிட அதிக அழுத்தம் தரவில்லை என்று தெரியவந்தது. பலமான இருமல் இவற்றையெல்லாம் மிஞ்சும். ஆகவே கிலோக் கணக்கை மட்டும் பார்த்துப் பயப்படுவதைவிட, பொருள் எந்த உயரத்தில் இருக்கிறது, உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது, தூக்கும்போது மூச்சு எப்படி ஓடுகிறது, எத்தனை முறை தூக்குகிறோம் என்ற நான்கையும் கவனிப்பது நல்லது.

முதல் படி: தசையையும் மூச்சையும் இணைப்பது

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்ளுங்கள். நாலு பேர் நடுவில் காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல் ஆசனவாயைச் சுருக்கி, அந்தச் சுருக்கத்தை முன்பக்கம் சிறுநீர்த் துவாரம் வரை கொண்டுவந்து, மேல்நோக்கி உள்ளே இழுங்கள். அடிவயிற்றில் ஒரு கையை வைத்திருந்தால் சரிபார்த்துக்கொள்ளலாம்: வயிறு வெளியே உப்பினால் நீங்கள் இழுப்பதற்குப் பதில் கீழே முக்குகிறீர்கள் என்று பொருள், புட்டமும் தொடையும் இறுகினால் வேறு தசைகள் வேலை செய்கின்றன என்று பொருள். 3 முதல் 5 விநாடி பிடித்து, அதே அளவு நேரம் முழுமையாகத் தளர்த்துங்கள். இப்படி 8 முதல் 10 முறை, நாளுக்கு மூன்று வேளை செய்து, பலம் கூடக்கூடப் பிடிக்கும் நேரத்தை 10 விநாடி வரை நீட்டிக்கலாம். தளர்த்துவதும் இழுப்பதைப் போலவே முக்கியம். எந்நேரமும் இறுகியே கிடக்கும் தசை தேவைப்படும் நேரத்தில் உதவாது. சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகுவதை மட்டும் வழக்கமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தொந்தரவு தரும் முதல் இரண்டு நிலை இறக்கத்துக்கு, பயிற்சியாளரின் மேற்பார்வையில் குறைந்தது 16 வாரம் இந்தத் தசைப் பயிற்சியை முதல் சிகிச்சையாகக் கருதச் சொல்கிறது. ஒரு வாரம் செய்துவிட்டுப் பலனில்லை என்று விடுகிறவர்களுக்காக இதைக் குறிப்பிடுகிறேன். மகளிர் நலப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால், ஒரு முறையாவது அவரிடம் காட்டி, சரியான தசைதான் இழுபடுகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

படுத்துப் பழகியதும் உட்கார்ந்தும், பிறகு நின்றும் செய்து, கடைசியில் மூச்சோடு சேருங்கள். வரிசை இதுதான்: மூச்சை இயல்பாக உள்ளிழுங்கள், வெளியே விடத் தொடங்கும்போதே அடியை, அதாவது இடுப்புத்தளத்தை, உள்ளிழுங்கள், விட்டுக்கொண்டே அசையுங்கள், வேலை முடிந்ததும் தளர்த்துங்கள். காபி ஆற்றும்போது ஊதுகிற அளவுக்கு உதட்டைக் குவித்து விட்டால் மூச்சு தானாக நீளும். வெறும் கையோடு நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் இந்த வரிசையைப் பழகிக்கொண்டால், பொருளைத் தூக்கும்போது யோசிக்காமல் வந்துவிடும்.

இரண்டாம் படி: முதுகைச் சுருட்டாமல் குனிவது

சுவருக்கு முதுகைக் காட்டி ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். பாதங்கள் தோள் அகலத்துக்கு விலகி இருக்கட்டும். முழங்கால்களைச் சற்றே தளர்த்தி, புட்டத்தைப் பின்னால் தள்ளிச் சுவரைத் தொடுங்கள். மார்பு தானாக முன்னால் சாயும், முதுகு நேராகவே இருக்கும். மடங்குவது தொடை சேரும் இடுப்பு மூட்டில்தான், முதுகில் இல்லை. சந்தேகம் இருந்தால் ஒரு நீண்ட கம்பை முதுகோடு நீளவாக்கில் பிடித்துப் பாருங்கள். பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றிலும் கம்பு ஒட்டியபடியே குனிய முடிந்தால் சரியாகச் செய்கிறீர்கள்.

முட்டி உயரத்துக்கு மேலே இருக்கும் பொருள்களுக்கு இந்தக் குனிவு போதும். தரையில் இருப்பதற்கு ஒற்றை முழங்கால் ஊன்றும் முறை நல்லது: ஒரு காலை முன்னே வைத்து, மறுகாலின் முழங்காலைத் தரையில் ஊன்றி இறங்கி, பொருளை முதலில் முன்தொடையின் மேல் வைத்துக்கொண்டு, அதன் பிறகு மூச்சை விட்டபடி எழுவது. விழுந்த கரண்டி, சாவி போன்றவற்றுக்கு ஒரு கையால் மேடையையோ நாற்காலியையோ பிடித்துக்கொண்டு, மறுகையால் எடுத்தால் போதும். கால்களை மிக அகலமாக விரித்து ஆழக் குந்தி, அந்த நிலையில் பாரத்தோடு எழுவது பலருக்கு இழுவையைக் கூட்டுகிறது. முதுகுவலிக்காரர்களுக்குச் சொல்லப்படும் "முட்டியை மடக்கித் தூக்கு" என்ற அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், பாதங்களைத் தோள் அகலத்திலோ முன்பின்னாகவோ வைத்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: தூக்குவது

தொடுவதற்கு முன்பே முடிவெடுக்க வேண்டியது, இதை நான் தூக்கத்தான் வேண்டுமா என்பது. காலால் லேசாகத் தள்ளிப் பாருங்கள்; எளிதில் நகராததைக் கையால் தூக்காதீர்கள். தூக்குவதென்றால், போகிற வழியில் ஈரமோ மிதியடியோ இல்லாமல் ஒதுக்கிவிட்டு, பொருளை உடம்போடு ஒட்டுகிற அளவுக்கு நெருங்கி நில்லுங்கள். கை நீட்டித் தூக்கும் அஞ்சு கிலோ, வயிற்றோடு அணைத்துத் தூக்கும் பத்து கிலோவைவிட அதிகமாகச் சிரமப்படுத்தும். பிறகு முன்சொன்ன வரிசை: உள்மூச்சு, வெளிமூச்சின் தொடக்கத்தில் அடியை உள்ளிழுத்தல், விட்டபடியே எழுதல். சுமந்து நடக்கும்போது மூச்சு இயல்பாக ஓட வேண்டும். வாய்விட்டுப் பேச முடியவில்லையென்றால் அந்தச் சுமை உங்களுக்கு அதிகம். திரும்ப வேண்டுமென்றால் இடுப்பை முறுக்காமல் பாதங்களைத் திருப்புங்கள்.

இறக்கி வைக்கும்போதுதான் அதிகம் தவறு நடக்கிறது. தூக்கும்போது கவனமாக இருந்தவர்கள்கூட வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையை நீட்டி, ஒரு பக்கமாகச் சாய்ந்து வைத்துவிடுகிறார்கள். இறக்குவதற்கும் அதே மூச்சு, அதே நெருக்கம் வேண்டும்.

வீட்டுவேலைகளில்

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ; 15 லிட்டர் பிடிக்கும் குடத்தைத் தரையில் வைத்து நிரப்பி, தூக்கி, ஒரு பக்க இடுப்பில் ஏற்றும்போது குனிவு, பாரம், முறுக்கல் மூன்றும் ஒரே நொடியில் சேர்ந்துகொள்கின்றன. குழாயடியில் ஒரு கல்லோ முக்காலியோ போட்டு, அதன் மேல் குடத்தை வைத்துப் பாதி நிரப்புங்கள். நடை கூடினாலும் பரவாயில்லை. இரண்டு கையிலும் சம அளவில் சின்ன வாளிகளைக் கொண்டுபோவது இடுப்புக் குடத்தைவிட மேல். வீட்டுக்குள் டியூப் போட்டு நேராக நிரப்ப முடிந்தால் அதுவே சிறந்தது. 20 லிட்டர் கேனைக் கவிழ்த்து வைக்கும் வேலையை அறவே விட்டுவிட்டு, கேனின் வாயில் பொருத்தும் கைப்பம்பை வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுச் சமையல் சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 30 கிலோ. இதை எந்த நிலை இறக்கம் உள்ளவரும் தூக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சக்கரம் வைத்த ஸ்டாண்டில் வைத்துக்கொண்டு, கொண்டுவருபவரிடமே அதன் மேல் ஏற்றிவைக்கச் சொல்லுங்கள். அரிசி மூட்டையை வாசலிலேயே பிரித்து, அடுக்குப் பாத்திரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொண்டுபோகலாம்.

கிரைண்டரைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. மாவு ஆட்டி முடித்ததும், குழவிக் கற்களும் மாவும் உள்ளே இருக்கும்போதே பாத்திரத்தை இரண்டு கையாலும் வெளியே இழுத்துத் தூக்குவதுதான் வழக்கம். அதற்குப் பதிலாக, கற்களைத் தாங்கும் தண்டைக் கழற்றி, கற்களை ஒட்டிய மாவை வழித்துவிட்டு, கற்களைத் தனியே எடுத்து வையுங்கள். மாவைக் கரண்டியாலோ கிண்ணத்தாலோ அள்ளி மாற்றுங்கள். காலியான பாத்திரத்தைக் கடைசியில் எடுங்கள். கிரைண்டரின் இடம் உங்கள் தொப்புள் உயரத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும் மேடையாக இருக்கட்டும். தரையில் வைத்துச் சாய்த்துக் கவிழ்க்கும் பெரிய கிரைண்டர் வைத்திருப்பவர்கள், குழவியைத் தூக்கும் வேலையை வீட்டில் வேறொருவரிடம் விடுவதைத் தவிர வழியில்லை.

பெருக்கும்போது பிரச்சினை துடைப்பத்தின் உயரம்தான். கைப்பிடி நீண்ட துடைப்பம் வாங்கி, அல்லது விளக்குமாற்றை ஒரு கம்பில் கட்டி, ஒரு காலை முன்வைத்துப் பெருக்குங்கள். நீங்கள் முன்னேற வேண்டும், கை மட்டும் நீளக் கூடாது. தரை துடைக்கக் குந்தி நகர்வதைவிட, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் துடைப்பது பலருக்கு நல்ல ஆறுதல் தருகிறது. அந்த நிலையில் உறுப்புகளின் பாரம் இடுப்புத்தளத்தின் மேல் நேராக இறங்குவதில்லை. கோலத்துக்கும் அப்படியே. மார்கழியில் வாசல் நிறைய போடுகிறவர்கள் நின்றபடி இரட்டையாக மடிந்து போடாமல், சிறு மணையில் உட்கார்ந்தோ, ஒற்றை முழங்கால் ஊன்றியோ, பகுதி பகுதியாகப் போடலாம்.

துவைத்த துணியில் ஈரப் புடவையும் போர்வையும் எடையை இரட்டிப்பாக்கும். வாளி நிறைய மாடிக்குச் சுமக்காமல், பிழிந்ததை நாலைந்து துணிகளாகத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுங்கள். கொடியில் எட்டிப் போடும்போது மூச்சைப் பிடிக்காதீர்கள்.

குழந்தையைத் தூக்காதே என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு வயதுப் பிள்ளை 10, 12 கிலோ இருக்கும். ஆனால் அதற்கு ஏறத் தெரியும். நீங்கள் முதலில் கட்டிலிலோ நாற்காலியிலோ உட்கார்ந்து, பிள்ளையை மடியில் ஏறச் சொல்லி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூச்சை விட்டபடி எழுங்கள். இடுப்பில் ஒரு பக்கமாக வைத்து மணிக்கணக்கில் நடப்பதைத் தவிர்த்து, முன்பக்கம் நடுவில் வையுங்கள். அழுது புரளும் பிள்ளையைத் தரையிலிருந்து வெடுக்கென்று தூக்குவதற்குப் பதில், அதன் பக்கத்தில் உட்கார்ந்து சமாதானப்படுத்தினால் இருவருக்கும் நல்லது.

வயலிலும் வேலைத்தலத்திலும்

நாற்று நடவும் களையெடுப்பும் மணிக்கணக்கில் குனிந்தே செய்யும் வேலைகள். இங்கே மேலே சொன்ன அழகான குனிவு சேற்றில் ஓரளவுக்குத்தான் எடுபடும், உதவுவது இடைவெளிதான். அரை மணிக்கு ஒரு தடவை நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்து நாலைந்து மூச்சு விட்டு, அடியை இழுத்துத் தளர்த்திவிட்டு மறுபடி குனியுங்கள். களையெடுப்பை மணையிலோ முழங்கால் ஊன்றியோ செய்ய முடிகிற நிலத்தில் அப்படியே செய்யலாம். நூறு நாள் வேலையிலும் கட்டட வேலையிலும் மண்சட்டியைத் தரையிலிருந்து தலைக்கு ஏற்றும் அந்த ஒரு தூக்குதான் மோசமானது. தலையில் ஏறிய பிறகு நடப்பது அவ்வளவு சிரமப்படுத்தாது. ஆகவே சட்டியைப் பாதி நிரப்பச் சொல்லி, தலையில் ஏற்றவும் இறக்கவும் இன்னொருவர் கைகொடுக்க வேண்டும். புல்லுக்கட்டையும் விறகுக்கட்டையும் வரப்பு மேலோ திட்டின் மேலோ வைத்துக் கட்டினால், குனிந்து எடுக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும், ஒரு பெண் தனியாக மூச்சைச் சரிசெய்துகொள்வதால் மட்டும் தீரும் காரியமாக இதை நான் நினைக்கவில்லை. பிரசவம் முடிந்த சில நாட்களிலேயே பாரம் சுமக்க நேரும் பெண்களிடம் கருப்பை இறக்கம் பெருகியிருந்த நேபாளத்தில், 2008இல் உச்சநீதிமன்றம் அதை இனப்பெருக்க உரிமை சார்ந்த பிரச்சினையாகக் கருதி, சிகிச்சைக்கும் பாதுகாப்புக்கும் வழிசெய்யும்படி அரசுக்கு உத்தரவிட்டது. நம் வீடுகளில் தண்ணீர், சிலிண்டர், மூட்டை மூன்றையும் வீட்டிலுள்ள ஆண்களும் வளர்ந்த பிள்ளைகளும் பொறுப்பேற்றுக்கொள்வதற்கு எந்தத் தீர்ப்பும் தேவையில்லை. இந்த ஒரு பத்தியை அவர்களிடம் படிக்கக் கொடுங்கள்.

எழுவது, இருமுவது, கழிப்பறை

படுக்கையிலிருந்து நேராக எழாமல், ஒருக்களித்து, கையை ஊன்றி எழுங்கள். தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் முதலில் நான்கு காலில் வந்து, ஒரு பாதத்தை முன்னே வைத்து, தொடையில் கையை ஊன்றி, மூச்சை விட்டபடி எழலாம். இருமலோ தும்மலோ வருகிறது என்று தெரிந்த அந்த நொடியில் அடியை இழுத்துப் பிடித்து, முன்னால் கவிழாமல் நிமிர்ந்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பி இருமுங்கள். வாரக்கணக்கில் நீடிக்கும் இருமலை அலட்சியப்படுத்தாமல் வைத்தியம் பார்ப்பது, தூக்குவதைக் குறைப்பதற்குச் சமமான பாதுகாப்பு.

பாரம் தூக்குவதைக் குறைத்துவிட்டு, தினமும் கழிப்பறையில் முக்கினால் பயனில்லை. மேற்கத்திய கழிப்பறையில் பாதங்களுக்கு அடியில் 15 முதல் 20 செ.மீ. உயரமுள்ள பலகையை வைத்து, முழங்கால்கள் இடுப்பைவிட உயரும்படி உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொள்ளுங்கள். வயிற்றைத் தளர்த்தி, வாயைத் திறந்து "ஹா" என்று மூச்சை விட்டபடி காத்திருங்கள். குந்தும் கழிப்பறையில் மலம் எளிதில் இறங்கும் என்றாலும் நெடுநேரம் குந்தியிருக்க வேண்டாம். எழும்போது பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி பொருத்துங்கள். பின்சுவர் இறக்கம் உள்ளவர்களுக்கு மலம் பாதியில் தங்கிவிடும். ஆசனவாய்க்கும் பெண்ணுறுப்புக்கும் இடைப்பட்ட பகுதியைச் சுத்தமான விரல்களால் தாங்கிப் பிடித்தால் முக்காமலே வெளியேறும். கேழ்வரகு, கீரை, கொய்யா, போதிய தண்ணீர் ஆகியவற்றோடும் மலம் இறுகினால், மருத்துவரிடம் மலமிளக்கி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கனம் கூடும் நாட்களும் மருத்துவரிடம் காட்டுவதும்

அடியிறக்கம் காலையில் குறைவாகவும் மாலையில் அதிகமாகவும் தெரியும். கனமான வேலைகளை முற்பகலுக்கு மாற்றி, மதியம் இடுப்புக்கு அடியில் ஒரு தலையணை வைத்து 15, 20 நிமிடம் படுத்திருங்கள். ஒரு வேலை முடிந்த பின்போ அன்று மாலையோ இழுவையும் உருண்டை தட்டுப்படுவதும் கூடியிருந்தால், அந்த வேலையில் எடையையோ நேரத்தையோ குறையுங்கள். கூடவில்லை என்றால் பயமில்லாமல் தொடருங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரத்தில் பிள்ளையைவிடக் கனமான எதையும் தூக்காமல் இருப்பது நல்லது. அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்கள், செய்த மருத்துவர் குறித்த கால அளவையே பின்பற்ற வேண்டும். வேலையைக் குறைக்க முடியாதவர்கள் பெசரி என்னும் சிலிக்கான் வளையத்தைப் பற்றிக் கேளுங்கள். உள்ளே பொருத்திக்கொண்டால் உறுப்புகளைத் தாங்கிப் பிடிக்கும், அறுவைசிகிச்சை தேவைப்படாமலே பல வருடம் ஓட்டுகிறவர்கள் உண்டு.

சிறுநீர் கழிக்கவே முடியாமல் அடைத்துக்கொண்டால், வெளியே வந்த பகுதி உள்ளே போகாமல் வலித்தால், அதில் புண்ணோ இரத்தமோ துர்நாற்றமுள்ள கசிவோ இருந்தால், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கு தெரிந்தால், தள்ளிப்போடாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வழக்கமான பரிசோதனைக்கு என்றால் முடிந்தவரை மாலை நேரத்தில் போங்கள். காலையில் படுத்த நிலையில் பார்க்கும்போது இறக்கம் அதிகம் தெரியாமல் போகலாம். நிற்க வைத்தோ, முக்கச் சொல்லியோ பார்க்கும்படி நீங்களே கேட்கலாம். "அடி கனமாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லாமல், எத்தனை குடம், எந்த உயரம், எத்தனை மணி நேரம் குனிந்த வேலை, எந்த வேலைக்குப் பிறகு எவ்வளவு வெளியே வருகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் மருத்துவரிடம் கொடுங்கள்.